அப்பா இருமித் தந்த குழாய்

அன்பு மகளே,

நீ கேட்ட ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலைச் சபை ஆயரிடம் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். அதில் அப்பாவின் தாத்தாதான் முதல் ஆள். அவருக்கு முன்னால் யாரென்று எழுதவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முன்னோரைத் தேட நீ அனுப்பிய டிஎன்ஏ குழாயில் சளி கலந்து கெட்டுப்போனதென்று கோபப்பட்டாய். "அப்பாவ இதுல துப்பச் சொல்லும்மா" என்று மட்டும்தானே சொன்னாய். தோல் கம்பெனியின் மருந்து நெடியில் இருமிக்கொண்டே வேலை பார்ப்பவரிடம் குழாயை நீட்டினால் அவருக்கு அது சளிப் பரிசோதனைதான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி இருமி நிரப்பினார்.

"ஃபாரின்லயே என் சளிய டெஸ்ட் பண்றா எம்பொண்ணு" என்று கம்பெனி முழுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அந்த ரிசல்ட்டு வரட்டும்" என்பார். நானும் அது சளிப் பரிசோதனை என்று நம்பித்தான் இருந்தேன்.

நீ இரண்டாவது குழாய் அனுப்பியதும் அவர் முகம் மாறிவிட்டது. "திரும்பக் கேக்குறாங்கன்னா ஏதோ இருக்குது. பாப்பாகிட்ட இன்னான்னு கேக்காத, அழுதுடும்" என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போன வாரம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் செய். ரிசல்ட் நன்றாக வந்திருக்கிறது, ஒன்றுமில்லை என்று சொல். நீ சொன்னால் நம்புவார். சொல்லிவிட்டு உடனே கிளம்பி வா.

உன் அம்மா