வீடு நான்கு விரல் இறங்கியது

பியெலவேசி,
மார்ச் 13, 1949

அன்புத் தம்பி யல்மரிக்கு,

அக்கா இம்பி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் சுகம். உன் இருமல் குறைந்து எடை ஒரு கிலோ கூடியிருப்பதாக காசநோய் சானடோரியத்து நர்ஸ் எழுதியிருந்தாள். அதை நீ ஏன் எழுதவில்லை? கெட்ட சேதியை மட்டும்தான் எழுதுவாயா?

சுவர் வெடிக்கிறது என்று போன கடிதத்தில் பயந்து எழுதியது என் தப்பு. நீ பச்சை மரத்தில் அவசரப்பட்டுக் கட்டிவிட்டதாகவும், வீட்டை விற்றுவிட்டு நான் டவுனுக்குப் போகவேண்டும் என்றும் பதில் போட்டாய். மரம் காயும்வரை காத்திருக்க நமக்கு எங்கே இடம் இருந்தது? போரில் ஊரைப் பறிகொடுத்துக் காரேலியாவை விட்டு வந்த நாளிலிருந்து நாலு வருஷம் அடுத்தவர் சமையலறையில்தானே படுத்துக் கிடந்தோம்.

விற்கப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை கதவு திறக்கவில்லை. தோளால் முட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பிள்ளைகளை ஜன்னல் வழியே இறக்கிப் பள்ளிக்கு அனுப்பினேன். மாடு பால் கறக்கக் கத்திக்கொண்டிருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஜன்னலில் ஏறினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பண்ணை ஹில்மா குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அகதிகளான நமக்கு அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது தன் நிலம் என்பதை அவள் ஒரு நாளாவது நம்மை மறக்கவிட்டதுண்டா?

"என்ன இம்பி, சொந்த வீட்லயே திருடி மாதிரி ஏறிக் குதிக்கிற?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சிரிச்சுக்கோ ஹில்மா. வீடு விழப்போகுது, உன் நிலம் உனக்கே வந்துரும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. வண்டியை விட்டு இறங்கி அதே ஜன்னலில் ஏறினாள். அந்த உடம்போடு பாதியில் மாட்டிக்கொண்டாள், நான் பின்னாலிருந்து தள்ளினேன். உள்ளே போய் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தாள்.

"இந்த மூணு மரந்தான் முகத்துல வெடிச்சிருக்கு. மத்ததுக்கெல்லாம் மேல் பக்கம் உன் தம்பி நீளப் பள்ளமா காடி வெட்டிருக்கான், வெடிப்பு அதுக்குள்ள மறைஞ்சிருச்சு. இந்த மூணை மட்டும் ஏன் விட்டான்?"

அந்த மூன்றை வெட்டப் போனபோதுதான் நீ ரத்தம் துப்பினாய் என்று சொன்னேன். அவள் அந்த மூன்று மரத்தையும் மறுபடி ஒருமுறை தடவினாள்.

பிறகு நடுத்தூணைக் காட்டினாள். மரம் காய்ந்து சுவர் நான்கு விரல் இறங்கிவிட்டது. தூண் இறங்கவில்லை. உத்தரம் தூண்மேலேயே நிற்க, சுவர் கோணி கதவு நிலையை நெரித்திருக்கிறது. தூணுக்கு அடியில் நீ வைத்த ஆப்புகளை மாதம் ஒரு முறை தட்டிக் கொஞ்சம் வெளியே தள்ளச் சொல்லியிருந்தாய். நான் மறந்தே போனேன், தம்பி.

அவள் வண்டியிலிருந்து சம்மட்டி எடுத்து வந்தாள். "ஆப்பை ஒரேயடியா உருவிறாத, உத்தரம் தலையில உக்காந்துரும். கொஞ்சம் கொஞ்சமா" என்றாள். அவள் ஒரு அடி, நான் ஒரு அடி. ஏழாவது அடியில் வீடு முழுக்க முனகிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது உத்தரம் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது, கதவு தானாகவே ஒரு சாண் திறந்து கிடந்தது.

"கை தெரிஞ்சவன்தான் உன் தம்பி" என்றாள் ஹில்மா. "எங்க வீடும் மொத வருஷம் பேய் மாதிரி கத்துச்சாம்." காபி குடித்துவிட்டுக் கதவு வழியாகவே போனாள். மறுநாள் உனக்கென்று வெண்ணெய் கொடுத்தனுப்பினாள். இதோடு அனுப்புகிறேன்.

வருவேனோ மாட்டேனோ, என் அறையை வாடகைக்கு விடு என்று எழுதியிருந்தாய். பள்ளிக்குப் புதிதாக வந்த வாத்தியார் கேட்டார். அங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அறையில் தினமும் அடுப்பைச் சின்னதாகத்தான் மூட்டுகிறேன். ஒரேயடியாகச் சூடேற்றினால் மரம் தாங்காதாம்.

பாலை மிச்சம் வைக்காமல் குடி. கடவுள் துணையிருப்பார். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாக வா. ஆனால் வந்துவிடு.

உன் அக்கா,
இம்பி