சரளா ரேக்கில் வைத்த அட்டை

செவ்வாய், 8

காலையிலேயே புழுக்கம். திருத்தணி ரயில் லேட். கடைக்குள் நுழையும்போதே மேனேஜர் முகம் சரியில்லை. 'சந்திரகிரி தோட்டம்' என்று லேபிள் ஒட்டிய கத்திரிக்காய் ரேக்குக்கு ஞாயிறு வரைதான் கெடு. விற்பனை ஏறாவிட்டால் அந்த இடம் கிவிப் பழத்துக்கு. காய்கறிப் பிரிவு என் பொறுப்பு, ஆனால் அடி அந்தக் காயை விளைவிக்கும் சரளாவுக்கு. இந்த ரேக்கை நம்பி இன்னொரு அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டிருக்கிறாள்.

ஜனங்கள் பேச்சு வேடிக்கை. லேபிளைப் பார்த்ததும் ஒருவர், "பக்கத்து ஊருதானே, வெல கொறைக்கக் கூடாதா?" இன்னொரு அம்மாள் தெலுங்கில், "மந்து கொட்டலேதா?" மருந்து அடிக்கலையா என்று. பக்கத்தில் விளைந்தால் பூச்சிமருந்தே படாது என்று யார் சொன்னார்களோ. அடிக்கவில்லை என்பது போலத் தலையாட்டி வைத்தேன்.

கூடை இறக்கிக்கொண்டிருந்த சரளா பார்த்துவிட்டாள். "ஏண்ணா தலையாட்டறே? புழு வந்தா அடிப்பேன். அடிச்சா நாலு நாளு பறிக்க மாட்டேன். அத்த சொல்லேன்." அம்மாள் காயைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். இவளோடு பெரிய ரோதனை.

புதன், 9

தூறல். வாங்க: தலைவலி மாத்திரை, ஷூ லேஸ், சின்னவளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

சரளா காய் அனுப்பவில்லை, ரேக் காலி. நேற்று சாயங்காலம் மருந்து அடித்தாளாம். போனில் சொன்னேன்: மார்க்கெட் காய்க்கு உன் லேபிளை ஒட்டி வைக்கிறேன், ஞாயிறு வரை ஓட்டிவிடலாம்.

"என் பேர ஒட்டணும்னா என் காய் வேணும்ணா."

மத்தியானம் பஸ் பிடித்து வந்து, காலி ரேக்கில் ஓர் அட்டையை வைத்தாள். தமிழிலும் தெலுங்கிலும்: "மருந்து அடிச்சிருக்கோம். ஞாயித்துக்கிழமை வரும்."

மேனேஜர் கத்தினார். "வியாபாரம் பண்ண வந்தியா, கெடுக்க வந்தியா?"

"சார், எங்க வூட்லயும் இதத்தான் துன்றோம்."

அட்டையை எடுக்கப் போனவர், நாலு பேர் நின்று படிப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். என்ன தைரியம் இவளுக்கு! எனக்குச் சத்தியமாக வராது.

வெள்ளி, 11

அட்டை முன்னால் இரண்டு பெண்கள்.

"பாத்தியா, வெசம்."

"மத்தவன் மட்டும் அடிக்காமயா வுட்டான்? சொல்றானா?"

இரண்டாமவர் நர்ஸ் யூனிஃபார்மில் இருந்தார். என்னிடம் திரும்பி, "இந்த முட்டைக்கோசு எந்த ஊரு? எப்ப அடிச்சது?" இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

சனி, 12

தலைவலி. கிவிக்கு விலைச்சீட்டு அச்சடித்தாகிவிட்டது.

ஞாயிறு, 13

நல்ல வெயில். எனக்கு லீவு நாள், ஆனாலும் கடைக்குப் போனேன். சரளா கூடைகளை இறக்கிவிட்டு, "வேல கீதுண்ணா" என்று உடனே கிளம்பிவிட்டாள். வேலையாவது ஒன்றாவது, நின்று பார்க்கப் பயம்.

கதவு திறந்ததும் ஜனங்கள் நேராக ரேக்குக்கே வந்தார்கள். "வந்துடுச்சா?" "இன்னிக்குப் பறிச்சதுதானே?" ஒருவர்கூட விலை குறைக்கச் சொல்லவில்லை. மதியத்துக்குள் காலி. மேனேஜர் ரேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரேக் இருக்கட்டும். அந்த அட்டையும்."

சரளாவுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினாள்.

"இன்னொரு தபா சொல்லுண்ணா."

சொன்னேன்.