கலங்கரைக் குன்றுக்குப் புகழ்ச்சி விலை பேசப்பட்ட செய்தி

விலைமதிப்பில்லாத கலங்கரைக் குன்றின் விலை, நேற்றைய நிலவரப்படி, ஒரு வாய்ப் புகழ்ச்சி.

வடக்கே மிளகுக்காடும் தெற்கே முத்துக்கடலும் எல்லையாகக் கொண்ட முத்தலைநாட்டு அரசி செழுங்கோதை நாச்சியாரின் ஆணைப்படி, வணிகர் தெருவில் வளர்ந்து அமைச்சரான ஏறன் சாத்தனார், துறைக்காவலர் கீரன் பரவையாருக்கு விடுக்கும் ஓலை. நும் துறையில் காற்றும் கலமும் நலம் பெறுக.

நும் துறைவாயில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கலத்தின் தலைவர் ஹார்வுட் நேற்று அவையேறி, நாச்சியாரின் முகம் கண்டு நிலவு நாணியதென்றும், அவர் பெயரைக் கேட்டாலே பகைவர் கப்பல்கள் இத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் மூச்சுவிடாமல் புகழ்ந்தார். அவையில் புகழ்ந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதது நம் மரபு. அதை முன்னமே விசாரித்துக்கொண்டு வந்த மனிதர், பரிசிலாகக் குன்றைக் கேட்டார். அதன்மேல் பீரங்கிக் கோட்டை எழுப்பி, துறையைத் தாமே காத்துத் தருவாராம். குன்று போனால் துறை யார் கையில் இருக்கும் என்பதை நுமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நாச்சியாரோ முகம் மலர்ந்து முத்திரை மோதிரத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார். குன்றை அளக்க அளவுக் கயிற்றை எடுக்கச் சொல்லி நுமக்கும் ஆள் ஓடிவிட்டது.

இவ்வோலை விடுக்கும் சாத்தனார் மிளகுப் பேரத்தில் ஆங்கிலம் பழகியவராதலின், எழுந்து வணங்கி, பரிசில் புகழ்ச்சியின் தரத்துக்கேற்பவே அளக்கப்படும் என்றார். நாம் இச்சகம் என்று ஒரே கூடையில் அள்ளிப் போடுவதை ஆங்கிலேயர் தரம் பிரித்து வைத்திருக்கின்றனர். ஃபிளாட்டரி பொதுச்சரக்கு, இருப்பதை ஊதிப் பெரிதாக்குவது. ஃபானிங் என்பது வாலாட்டிக் காலை நக்குவது. கேட்பவரைவிடச் சொல்பவருக்கே அதில் இழிவு. கஜோலரி என்பது கையை வருடிக்கொண்டே மோதிரத்தைக் கழற்றுவது. இந்த இடத்தில் நாச்சியாரின் விரல் நின்றது. மோதிரம் மெல்லத் திரும்ப ஏறியது. பிளார்னியோ, பொய்யென்று இருவருக்கும் தெரிந்தே இருவரும் மகிழ்வது, நாவின் விளையாட்டு. தம் சரக்கு இவற்றுள் எதுவெனத் தலைவரே கூறியருள வேண்டும். முழு மெய்யே எனில், பகைவர் நடுங்கும் துறைக்குப் பீரங்கி எதற்கு என்பதையும் கூறியருள வேண்டும் என்றார்.

ஹார்வுட் தாடியைச் சொறிந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "பிளார்னின்னே எழுதிக்கொள்ளும் ஐயா. அதில்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரன்."

பிளார்னிக்குப் பரிசில் பிளார்னியே எனத் தீர்ப்பாயிற்று. தலைவரின் செந்தாடியைக் கண்டு காட்டுத்தீ வெட்கி அவிந்ததென்றும், அவர் ஒருமுறை தும்மினால் பாய்கள் ஒருமாதம் விரிந்தே நிற்கும் என்றும் சாத்தனார் எடுத்துவிட, நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

விருந்தில் நண்டுக் குழம்பின் முதல் கவளத்திலேயே ஹார்வுட்டுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. "தாயே, இது விருந்தா, தண்டனையா?" என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த மெய் அஃதொன்றே என நாச்சியார் பெரிதும் மகிழ்ந்தார்.

ஆகவே அளவுக் கயிற்றைச் சுருட்டி வைக்க. மிளகு வாணிபம் வழக்கம்போல் நடக்க. இது நாச்சியார் ஆணை. சங்கு முத்திரை பதிந்தது.

புகழ்ச்சிக் கணக்கில் வரவு இரண்டு, செலவு இரண்டு, நேர். மெய்க்கணக்கில் வரவு ஒன்று, பரிசில் இன்னும் தரப்படவில்லை. கலம் பாய் விரிக்குமுன் நும் கையால் தீர்க்க வேண்டிய நிலுவை: ஒரு குடம் மோர்.