ஜும்மா நேரத்தில் ஓடிய மிஷின்

பேகம்பூர், திண்டுக்கல்
12-11-1958

அன்பு மகன் ஜெகபர் அலிக்கு அத்தா எழுதும் காயிதம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே அம்மா, தங்கச்சி நர்கீஸ், நான் மூணு பேரும் நோய்நொடி இல்லாம இருக்கோம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்றோம். இங்கே மழை விட்டபாடில்லை. ரெண்டு மாசமா ஏன் எழுதலைன்னு கேட்டிருந்தே, எழுதினா பொய்தான் எழுதணும், அதான் எழுதலை.

நம்ம தோல் பதம்பண்ற ஷாப்புல ஆவாரம் பட்டை அரைக்கிற மிஷின் பாக்குற பொம்மையன், நீ பினாங்குக்குக் கிளம்பினப்போ உன் பெட்டியைத் தூக்கிட்டு ரயிலடி வரைக்கும் வந்தவன், ஆவணி கடைசி வெள்ளியன்னைக்கு அவன் வலது கை மணிக்கட்டோட போயிருச்சு. அந்த ஆயில் இஞ்சின் ஒரு சனியன்னு உனக்கே தெரியும், நிறுத்தினா மறுபடி கிளப்புறதுக்குள்ள நாலு ஆளுக்கு நாக்குத் தள்ளிரும். அதனால ஜும்மாவுக்கு நாங்க அம்புட்டுப் பேரும் பள்ளிவாசலுக்குப் போறப்ப அதை நிறுத்துறதில்லை. சும்மா ஓடுறதுக்குப் பட்டையாவது அரைபடட்டும்னு, தொழுகைக்குப் போகவேண்டாத அவன் ஒருத்தனை மிஷின்ல நிறுத்திட்டுப் போவேன். மேஸ்திரி நான்தானே. வருசக்கணக்கா இதே வழக்கம். அன்னைக்கு நனைஞ்ச பட்டை சிக்கியிருக்கு, எடுத்துவிடப் போன கையை மிஷின் பல்லு இழுத்திருச்சு. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்தியிருப்பான். அவன் கத்தினப்போ நாங்க எல்லாரும் தொழுகையில நிக்கிறோம்.

முதலாளி சௌகத் அலி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனார். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டு, பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்திட்டுத்தான் போனோம், தொடாதேன்னு சொல்லியும் அவனா மாட்டி ஓட்டினான்னு நஷ்டஈட்டுக் கேஸ்ல சொல்லிரும்யான்னார். நர்கீஸுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை அவருக்கு மச்சினன் மகன். அதை அவரும் சொல்லலை, நானும் கேக்கலை, ரெண்டு பேருக்கும் நெனப்பு அதுலதான் இருந்துச்சு. திங்கக்கிழமை மதுரையில நஷ்டஈட்டு ஆபீசர் முன்னால சத்தியம் பண்ணிட்டு அப்படியே சொன்னேன். அடுத்து பொம்மையனைக் கேட்டாங்க. துண்டுக்குள்ள கையை மறைச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான்.

"மேஸ்திரி பொய் சொல்ல மாட்டாருங்கய்யா. அவர் நிறுத்திட்டுத்தான் போயிருப்பாரு, எனக்குத்தான் நெனப்பு பெசகிருச்சு போல."

ஏலே அப்பு, நாலு பேர் முன்னால செருப்பைக் கழட்டி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். எந்திரிச்சு, நான் சொன்னது பொய், ஓட்டச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். ஆபீசர் என்னைக் கண்டபடி ஏசிட்டு முதல்லேருந்து எழுதினார். அவனுக்கு நஷ்டஈடு வந்துரும்னு பேசிக்கிட்டாங்க. வரட்டும், கை வராது. முதலாளி என் பக்கம் திரும்பாமக் காரேறிட்டார். பொம்மையனும் அவன் சம்சாரம் ஒச்சாயியும் நான் வந்த பஸ்லதான் வந்தாங்க. வாடிப்பட்டி தாண்டினதும் ஒச்சாயி பொட்டலத்தைப் பிரிச்சுப் புளிச்சோத்தைப் பச்சைப் பிள்ளைக்கு மாதிரி அவனுக்கு ஊட்டுச்சு, அப்புறம் எனக்கும் ஒரு உருண்டை நீட்டுச்சு. வாங்கித் தின்னேன். அவன் மட்டும் திண்டுக்கல் வர்ற வரைக்கும் எங்கூட ஒரு வார்த்தை பேசலை. அம்புட்டு நம்பியிருந்தவன் என்னத்தப் பேசுவான்.

மறுநாளே என்னை ஷாப்புக்கு வரவேண்டாம்னுட்டாங்க. மாப்பிள்ளை வீட்லேருந்து சேதி எதுவும் இல்லை, நர்கீஸ் அழுகலை, உங்கம்மாதான் ரெண்டு நாளா எங்கூடப் பேச்சை விட்டுட்டா. எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. இனி ஷாப்பு விலாசத்துக்குக் காயிதம் போடாதே, வீட்டுக்கே போடு. நீயும் அங்கே ரப்பர் மிஷின்லதான் நிக்கிறே. எவன் சொன்னாலும் தனியா ஓட்டாதே, உங்கத்தா மாதிரி ஒரு நல்ல மேஸ்திரி வந்து சொன்னாலும் கேக்காதே. அல்லாஹ் உன் ரெண்டு கையையும் பத்திரமா வச்சிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
நூர் முகமது