சிட்டுவுக்கு முன்னால் வைக்கும் திரை

மார்ச் 4, செவ்வாய்

கடையிலிருந்து இரண்டு லேப்டாப்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே அளவு, ஒரே எடை. மூடியைப் பின்பக்கமாக மடக்கிக்கொண்டே போனால் டேப்லெட் ஆகிவிடும். பாதியில் நிறுத்தினால் மேசைமேல் கூடாரம் போல நிற்கும். வித்தியாசம் திரையில் மட்டும்தான். ஒன்று பளபளப்பு. மற்றது மங்கல் — மேலே மெல்லிய ட்ரேசிங் தாள் ஒட்டியது போல.

எங்கள் காது பரிசோதனை நிலையத்தில் இதுவரை பட அட்டைகள்தான். குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து மேடம் ஒரு சொல்லைச் சொல்வார். குழந்தை அதற்கான படத்தைத் தொட வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் பின்னால் உட்காருவது. நான் பக்கவாட்டில் இருந்து சரியா தப்பா என்று குறிப்பேன். அட்டைகள் எல்லாம் ஓரம் நைந்துவிட்டன. இனி படங்கள் திரையில் வரும்.

"தினமும் இதோட மல்லுக்கட்டப் போறவ நீ. எது வேணும்னு நீயே பாத்துச் சொல்லு. இன்னொண்ண திருப்பி அனுப்பிடலாம்" என்றார் மேடம்.

என்னையா கேட்டார்? இங்கே எல்லோரும் எனக்குச் சொல்வார்கள். கேட்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, புதன்

மதியம் ஆள் இல்லாத நேரம் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மங்கல் திரையில் அதோடு வந்த பேனா பென்சில் போலச் சரசரக்கிறது, எழுதச் சுகம். பளபளப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் நிறம்! மங்கலில் ஆரஞ்சுப் பழம் நேற்றைய பழம். பளபளப்பில் இப்போதுதான் கழுவி வைத்தது. கறுப்பும் அப்படியே. மங்கலில் கறுப்பு என்பது சாம்பல். மற்றதில் விரலை விட்டால் உள்ளே போய்விடும் போல இருக்கிறது. ஒரு தடவைக்கு வரும் நான்கு படங்களுக்கும் பின்னணி கறுப்பு என்பதால் படங்கள் அந்தரத்தில் மிதக்கின்றன.

விரல் ரேகை மட்டும் அப்பிக்கொள்கிறது. துடைத்தால் போச்சு.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் சொன்னேன். விடுதியில் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்த அம்மா, காலை நீட்டி உட்கார்ந்தபடியே கேட்டாள்: "உன்னையா கேட்டாங்க? நம்ம வீட்ல டிவி வாங்குறப்பவே என்னை யாரும் கேக்கலயேடி."

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார் அப்பா.

"அதுக்குத்தான் கேக்கணும்!"

மார்ச் 7, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். பளபளப்பு. நிறம் நன்றாக இருப்பதால் குழந்தைகள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள் என்று காரணமும் சொன்னேன். பாதியில் குரல் உள்ளே போய்விட்டது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"நல்ல பாயிண்ட். வர்ற புதன் வரைக்கும் கடைல டைம் கேட்டிருக்கேன். ஓட்டிப் பாத்துட்டு முடிச்சிடலாம்."

நல்ல பாயிண்ட்!

மார்ச் 11, செவ்வாய்

சிட்டு வந்தாள். ஏழு வயது. ஓரிடத்தில் நிற்காததால் வரவேற்பு அக்கா வைத்த பெயர். இரண்டு காதிலும் மெஷின். போன தடவை அட்டைகளில் பாதிகூடத் தேறவில்லை. இன்றும் அப்படியே வந்தால் இதைவிடச் சக்தியான மெஷின் போட வேண்டும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார்.

இன்று பளபளப்புத் திரையில் கிட்டத்தட்ட எல்லாமே சரி. மேடம் சொல்லி முடிக்கும் முன்பே விரல் போய்விடுகிறது. "மரம்" என்றதற்கு மட்டும் பழத்தைத் தொட்டாள்.

சிட்டுவின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப இந்த மெஷினே போதும்ல மேடம்?" போதும் என்றுதான் தெரிகிறது, அறிக்கை எழுதித் தருகிறேன் என்றார் மேடம்.

வெளியே வந்ததும் அந்த அம்மா மெஷினைக் கழற்றிப் பார்த்தார். "அய்யய்யோ, லைட்டே எரியலயே. ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன் போல."

"இப்பத்தான் தீர்ந்திருக்கும், விடுங்க" என்றார் வரவேற்பு அக்கா.

இப்போதுதானா? இரண்டு காதிலும், ஒரே நேரத்திலா?

மார்ச் 12, புதன்

கடைக்காரர் போன் செய்தார். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். ஏன் என்றார். தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? "மேடம் வெளிய இருக்காங்க" என்று வைத்துவிட்டேன். மேடம் உள்ளேதான் இருந்தார்.

மார்ச் 13, வியாழன்

இன்று சிட்டுவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது சின்னது, முழங்கால் மேசையில் முட்டியது. அவள் உயரத்துக்குக் குனிந்து திரையைப் பார்த்தேன். ஆரஞ்சு, மரம், பூனை, குடை. நடுவில் கறுப்பு.

அந்தக் கறுப்பில் மேடம் இருந்தார்.

பின்னால், ஜன்னலோரம், அவருடைய வழக்கமான நாற்காலியில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, உதடு அச்சாகத் தெரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியேதான். பக்கவாட்டில் உட்காரும் எனக்கு இது ஒரு நாளும் தெரிந்திருக்காது.

மரம். பழம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டிலும் உதடு மூடித் திறந்து மறுபடி மூடுகிறது. பஸ்ஸில் எதிரே இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

சிட்டு ஒன்றையும் கேட்கவில்லை. பார்த்தாள்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கருத்துச் சொன்னேன், அதையே தப்பு என்று சொல்லணுமா? அந்த அம்மா அழுத அழுகையைத் திருப்பி வாங்கணுமா? அறிக்கை திங்கட்கிழமை போகிறது. பள்ளியிலும் அதைத்தான் பார்ப்பார்கள். நன்றாகக் கேட்கிறது என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் போடுவார்கள். டீச்சர் போர்டைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவார். அங்கே ஏது திரை —

என்ன பொண்ணு நான்.

மார்ச் 17, திங்கள்

சொல்ல வராது என்று தெரியும். அதனால் வேறு மாதிரி செய்தேன்.

"மேடம், ஒரு நிமிஷம் இந்தச் சேர்ல உக்காருங்களேன்."

"இதுலயா? உக்காந்தா எழுந்திரிக்க ஆள் கூப்பிடணும்டா."

உட்கார்ந்தார். நான் பின்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "பூனை" என்றேன்.

அவருடைய விரல் தானாகப் பூனையைத் தொட்டது. தொட்ட பிறகு அப்படியே நின்றது.

திரும்பி என்னைப் பார்த்தார், மறுபடி திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லு." குடை என்றேன், சத்தமில்லாமல். குடையைத் தொட்டார்.

"அந்தப் புள்ளைக்குச் சரியாயிடுச்சுன்னு எழுதி வச்சிருக்கேனே."

"இன்னும் அனுப்பல மேடம். கவர் என் மேசைலதான் இருக்கு."

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"வியாழன்."

முறைத்தார். பிறகு கையை நீட்டினார். தூக்கிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

பளபளப்பு கடைக்குத் திரும்பிவிட்டது. சிட்டுவுக்கு மெஷினை முழுக்க சார்ஜ் செய்து, மங்கல் திரையில் மறுபரிசோதனை. அதில் மேடம் வெறும் சாம்பல் திட்டு. முதல் சொல் வந்ததும் சிட்டு கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துத் திரைக்குள் தேடினாள். பிறகு கை தடுமாற ஆரம்பித்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"போன வாரம் நல்லாக் கேட்டுச்சே. அதுக்குள்ள என் புள்ளைக்கு என்ன ஆச்சு?" மேடம் பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி கேட்டார்: "அடி கள்ளி, கண்ணாடில பாத்தியா?"

"பாக்கக் கூடாதுன்னு நீங்க யாரும் சொல்லவே இல்ல."

மேடம்தான் முதலில் சிரித்தார். சக்தியான மெஷினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மே 6, செவ்வாய்

சிட்டுவுக்குப் புது மெஷின் போட்டு இன்று முதல் பரிசோதனை. அவள் முன்பே உட்கார்ந்து, கூடாரமாக நின்ற திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடமும் நானும் சத்தமில்லாமல் பின்னால் போய் உட்கார்ந்தோம். மேடம் சொற்கள் இருந்த தாளை என் மடியில் வைத்து, வாயைக் காட்டி, நீ சொல்லு என்று சைகை செய்தார்.

எனக்கு முன்னால் இரண்டு சடைகள். திரையில் நானும் ஒரு சாம்பல் திட்டு.

"குடை" என்றேன்.

விரல் குடையைத் தொட்டது. அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவில்லை அவள். திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னிக்கு நீங்களா?"