மேரியக்கா வீட்டுக்கு மட்டும் போன பை

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் நல்லவிதமாகத் திருத்த மாட்டேன், உனக்காகக்கூட. வீட்டில் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக 'நீங்கள்' என்று எழுதினால் அதுவே முதல் பொய்யாகிவிடும்.

இப்போது என் தலைக்கு அடியில் அந்த மெரூன் நிற ரெக்சின் பை இருக்கிறது. டெல்லி ரயிலில் மேல் பர்த்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மூச்சை இழுத்தால் பையிலிருந்து அந்துருண்டை வாசனையும் போன வருஷம் கசிந்த எலுமிச்சை ஊறுகாய் வாசனையும் சேர்ந்து வருகின்றன. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தும் ஊறுகாய் போகவில்லை. பரணிலிருந்து பையை இறக்கியபோது நான் அழுவேன் என்று நினைத்து அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

போன வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்ரீராம்புரத்தில் நம் சந்துக் குழாயில் வரும் கலங்கல் தண்ணீரைப் பார்த்துச் சலித்துத்தான் மணலும் கரியும் கூழாங்கல்லும் வைத்து வடிகட்டும் அறிவியல் மாதிரி ஒன்று செய்தேன். பள்ளியில் தேர்வானது, மாநிலத்தில் தேர்வானது, கடைசியில் டெல்லிக் கண்காட்சிக்கும் தேர்வானது. சயின்ஸ் மிஸ் மாதிரிகளை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு முன்னாடியே போவதாகவும், உனக்கு பீன்யா கம்பெனியில் லீவு கிடைக்கத் தாமதமானதால் நாம் இருவரும் பின்னால் போய்ச் சேர்வதாகவும் ஏற்பாடு. நான் போய் நின்று பேசினால்தான் அது என் மாதிரி. அதை உனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

நீ டிக்கெட் எடுத்து வந்த நாளில் கூடவே ரயில் கால அட்டவணைப் புத்தகமும் வாங்கி வந்தாய். கோலார் தங்கவயலுக்கும் காட்பாடிக்கும் தவிர வேறெங்கும் ரயிலில் போகாத மனுஷன், அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டபின் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாய். இங்கிலீஷில் இருந்த ஊர்ப் பெயர்களை நான் படிக்க வேண்டும், நீ விரலை வைத்துக்கொண்டே வருவாய். தர்மாவரம், குண்டக்கல், வாடி, சோலாப்பூர், புசாவல், போபால், ஜான்சி. ஒவ்வொரு ஊரிலும் என்ன கிடைக்கும் என்று கம்பெனியில் யாரையோ கேட்டு வந்து சொன்னாய்.

"மேல் பர்த்து நீ எடுத்துக்கோ. உன்னை யாரும் எழுப்ப மாட்டாங்க, படிச்சிகினே வரலாம். எனக்கு ஜன்னலோரம் போதும்."

"ஜன்னலோரம் உக்காந்து இன்னாப்பா பண்ணுவ?"

"ஸ்டேஷன் போர்டு பாக்கணும். ஊருக்கு ஊரு எழுத்து மாறிக்கினே போவும் பாரு. கன்னடம் போயி தெலுங்கு வரும், அதுவும் போயி இந்தி மட்டும் நிக்கும். அது மாறுற எடத்தை நான் என் கண்ணால பாக்கணும்."

அந்த நாட்களில் உன்னை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அதனால்தான் கோபம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது.

பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து பெரியப்பா வந்தார். உன் அண்ணன். நம் வீட்டில் புதுத் துடைப்பம் வாங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்குவாய். வந்தவர் உட்காரவில்லை. நேராகச் சுவரில் தொங்கிய காலண்டரிடம் போய்த் தாள்களைத் தூக்கிப் பார்த்தார்.

"புதங்கெழமையா டிக்கெட்டு எடுத்த? வடக்கே சூலம்டா. சூலத்துக்கு எதுரா போயி நெஞ்சைக் குடுப்பானா எவனாவது?"

"அந்தத் தேதிக்குத்தாண்ணா எடம் இருந்துச்சு" என்றாய்.

அம்மா அடுப்படியிலிருந்து மெதுவாக, "பரிகாரம் பால்னு அதுலயே போட்டுருக்கு. பால் குடிச்சிட்டுக் கெளம்பலாம்" என்றாள்.

"அது ஓசூருக்குப் போறவனுக்கு. டெல்லிக்கெல்லாம் பால் தாங்காது" என்றார் பெரியப்பா. நான் சிரித்துவிட்டேன். நீ என்னை முறைத்தாய்.

வழியும் அவரே சொன்னார். நல்ல நாளில் பையை வடக்குப் பக்கம் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிய கணக்கு. புதன்கிழமை போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போனால் போதும், சூலம் நம்மைப் பார்க்காது. திங்கட்கிழமை காலையில் நீ குளித்துவிட்டு, துணிமணி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் அடுக்கிய இந்தப் பையைத் தூக்கினாய். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"டிக்கெட்டு எங்கடா?"

"சட்டைப் பையில இருக்குண்ணா."

"அத்தயும் உள்ள வை. வெறும் துணிய வச்சா அது சலவைக்குப் போட்ட கணக்கு. பிரயாணத்துக்கு உசுரே டிக்கெட்டுதான்."

நான் வாயைத் திறந்தேன். "அண்ணன் மனசு கோணக் கூடாதும்மா. நமக்கு இன்னா நஷ்டம்?" என்று என் காதில் சொல்லிவிட்டு, டிக்கெட்டை மடித்துப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் வைத்தாய். நமக்கு இன்னா நஷ்டம். இந்த வாக்கியத்தை நான் மறக்கப்போவதில்லை, அப்பா.

பை மேரியக்கா வீட்டுக்குப் போயிற்று. நம் வரிசையிலேயே வடக்குக் கோடி வீடு. தங்கவயலில் நம் தாத்தா வேலை செய்த அதே சுரங்கத்தில்தான் அவள் அப்பாவும் வேலை செய்தார். மேரியக்கா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "எங்க ஏசுவுக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதான், வச்சிட்டுப் போங்க" என்று சிரித்தாள். செவ்வாய்க்கிழமை நான் ஒரு முறை பையைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பியபோது நீ தடுத்தாய். நடுவில் போய்த் தொட்டால் கிளம்பினது திரும்பி வந்த கணக்காம். அதுவும் பெரியப்பா சொன்னதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. புளிசோற்றுப் பொட்டலங்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, மேரியக்கா வீட்டுக்குப் போனோம். கதவில் பூட்டுத் தொங்கியது. தங்கைக்குப் பிரசவ வலி என்று சேதி வந்து மத்தியானமே தங்கவயலுக்கு ஓடிவிட்டாள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் தங்கை வலியில் துடிக்கும்போது யாரோ வைத்த பையை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வரிசை வீடுகளின் சொந்தக்காரர் ராமண்ணா இரும்புக் கம்பியோடு வந்தார். "பீகா ஒடீலா, சார்? நாளைக்கு நானே வேற பூட்டு ஹாக்தீனி" என்றார், பாதி கன்னடமும் பாதி தமிழுமாக. பூட்டை உடைத்துவிட்டு வேறு பூட்டுப் போடுகிறாராம். பூட்டும் அவருடையது, கதவும் அவருடையது. நீ இரண்டு கையையும் குறுக்கே நீட்டி மறித்தாய்.

"பேடா ராமண்ணா. ஆள் இல்லாத வீடு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடும்."

"ஜல்தி சொல்லுங்க சார். ஓகலிபுரத்துல ஜாம் ஆனா பெரிய பேஜார்" என்றார் ஆட்டோக்காரர்.

அப்போதுதான் நான் சொன்னேன். கால அட்டவணைப் புத்தகத்தின் முன்பக்கங்களில் விதிமுறைகள் இருந்தன. ஊர்ப் பெயர்கள் தீர்ந்ததும் அதையும் நான்தான் உனக்குப் படித்துக் காட்டினேன். டிக்கெட் கையில் இல்லாவிட்டால் ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம், கேட்டால் நகல் தருவார்கள் என்று அதில் இருந்தது. பெட்டியில் ஒட்டுகிற சார்ட்டில் நம் இருவர் பெயரும் இருக்கும். போய்க் கேட்டுத்தான் பார்ப்போமே என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை.

"அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கும்மா. நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கிடையாது. கேக்கப் போனா களவாணி மாதிரி நிக்க வச்சிக் கேப்பான்."

"கேட்டா கேக்கட்டும்பா. நான் பேசறேன்."

"வேணாம்மா. வா வீட்டுக்கு."

பூட்டுக்காக நான் உன்னை மன்னித்துவிட்டேன். பெரியப்பாவுக்குப் பயந்ததையும் மன்னிக்கப் பார்க்கிறேன். ஆனால் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் அப்பா? நம் சந்திலிருந்து ரயில் ஊதுவது கேட்கும். அன்றைக்கும் கேட்டது. நாம் இருவரும் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதே ஊதிவிட்டுப் போயிற்று. போய்க் கேட்டு அவர்கள் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு அவர்கள் மேல்தான் கோபம் இருந்திருக்கும். நீ அவர்களுக்கு முன்னாலேயே இல்லை என்று சொல்லிவிட்டாய்.

வீட்டுக்கு வந்து அந்தப் புளிசோற்றைச் சாப்பிட்டோம். கெட்டுப்போகக் கூடாது என்று இரண்டு நாளைக்கு அதையேதான் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ சுவரைப் பார்த்தபடி, "இன்னேரம் சோலாப்பூர் தாண்டியிருக்கும்" என்றாய். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, "புசாவல் வந்துருக்கும்" என்றாய். லீவை நீயே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாய் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கும் மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "ஆக்ரா" என்றாய். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது.

"நாம போகலப்பா. நாம இங்கதான் இருக்கோம். உனக்குப் புரியுதா, இல்லையா?" என்று கத்தினேன். சந்தே கேட்டிருக்கும். நீ வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்க் கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் பரணில் போட்டாய். அதற்குப் பிறகு ஊர்ப் பெயர் எதையும் நீ சொல்லவில்லை.

கண்காட்சியில் என் மாதிரிக்குப் பக்கத்தில் வேறொரு மாணவியை நிற்க வைத்தார்கள். கரி முதலிலா மணல் முதலிலா என்று அவள் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று மிஸ் வந்து சொன்னார். போட்டோவில் அவள் நன்றாகத்தான் சிரிக்கிறாள்.

இந்த வருஷம் ஆவணியில், வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தபோது நான் போய் காலண்டரைப் பார்த்தேன். அன்றைய தாளில் சுபமுகூர்த்த தினம் என்று சிவப்பில் போட்டிருந்தது. பெரியப்பாவும் பார்த்திருக்கிறார். வாசலில் வந்தவர்களிடமெல்லாம், "நல்ல நாளாப் பாத்துதான் போய்ட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதையும் எழுதுகிறேன். ஆனாலும் அந்தத் தாளை நானே கிழித்தேன்.

இந்தத் தடவை என் மாதிரி காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது. மறுபடியும் டெல்லி. அம்மா கார்மென்ட்ஸில் லீவு சொல்லிவிட்டு என்னோடு வருவதாக முடிவானது. எந்த நாள் என்று கேட்காமலேயே டிக்கெட் எடுத்தோம். அது செவ்வாய்க்கிழமையாக அமைந்தது. வடக்கே சூலம்தான்.

பெரியப்பா வந்தார். காலண்டரைப் பார்த்தார். "பைய ஞாயித்துக்கெழமையே எடுத்து எங்க வீட்டுல வச்சிடு. இந்த வாட்டி பூட்ட மாட்டேன், நான் வீட்டுலயே இருக்கேன்" என்றார். அவருக்கும் அந்தப் பூட்டு உறுத்தியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"பை இங்கயே இருக்கட்டும் மாமா. நாங்க போவும்போது அதுவும் வரும்."

"அவன் இருந்தா இப்பிடிப் பேசுவியா நீ?"

"பேச மாட்டேன். அவரு இருந்தப்ப பேசல. அதான் ரயிலும் ஏறல."

பெரியப்பா காலண்டர் தாள்களைச் சரியாக மடித்துவிட்டுப் போனார். இன்று ஸ்டேஷனுக்கு அவர்தான் கூட வந்தார், பையையும் அவர்தான் தூக்கி வந்தார். வழியில் ஒரு கடையில் எங்கள் இருவருக்கும் பால் வாங்கிக் கொடுத்தார். அம்மா மறுக்காமல் குடித்தாள். நானும் குடித்தேன். எனக்குத் தாகமாக இருந்தது, அவ்வளவுதான்.

பெட்டி வாசலில் ஒட்டியிருந்த சார்ட்டில் என் பெயரையும் அம்மா பெயரையும் விரல் வைத்துப் பார்த்தேன். போன வருஷமும் இப்படித்தான் ஒட்டியிருப்பார்கள். உன் பெயர் இதே போலப் பெரிய எழுத்தில், இங்கிலீஷில், டெல்லி வரைக்கும் போயிருக்கும். உன் பெயர் போன தூரம்கூட நீ போகவில்லை.

சற்று முன் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றது. ஜன்னலோரம் உன் இடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் பர்த்தைத் தட்டினாள்.

"ஏய், எழுத்து மாறிடுச்சு."

தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தேன். மஞ்சள் போர்டில் கன்னடம் இல்லை. தெலுங்கு வந்திருந்தது. இதைப் படிக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. நீ தங்கவயலில் தெலுங்கு கற்றவன், உனக்குத் தெரியும். நீ எழுத்துக் கூட்டிப் படித்து, சத்தமாகச் சொல்லி, பெட்டியில் இருக்கிற எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்திருப்பாய். நான் வெட்கப்பட்டிருப்பேன். அந்த வெட்கத்தைக்கூட எனக்கு இல்லாமல் பண்ணிவிட்டாய்.

டெல்லியில் நான் நன்றாகப் பேசுவேன். யாராவது எதையாவது இல்லை என்றால் போய்க் கேட்பேன், நிற்க வைத்துக் கேட்டாலும் பதில் சொல்வேன். உன்னிடமிருந்து நான் கொண்டுபோவது இந்தப் பையும், நீ விரல் வைத்த ஊர்ப் பெயர்களும், இந்தக் கோபமும்தான். குண்டக்கல் எப்போது வரும் என்று அம்மா கேட்டாள். புத்தகம் பார்க்காமலே சொன்னேன்.

நடு பர்த்துக்காரர் தூங்க வேண்டும் என்கிறார். விளக்கை அணைத்துவிட்டார்கள்.