தேயிலைச் சாற்றில் இல்லாத பெயர்

பாலக்காடு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜின்சி பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து நீங்கள் பறித்து அனுப்பிய முற்றிய தேயிலையின் சாற்றைப் பயோடீசலில் கலந்து பார்த்தேன் அல்லவா? காற்றுப்பட்டால் கெட்டுப்போகும் அந்த எண்ணெய், சூட்டுச் சோதனையில் இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்பது மணி நேரம் தாங்கியது. எங்கள் ஆய்வகத் தலைவர் பூபதிராஜா சார் அதைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். அதில் என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன்.

"ஏனம்மிணி, எல பறிச்சவங்க பேரையெல்லாம் போட்டா அது கட்டுரையாகுமா?" என்று சிரித்தார்.

"எல பறிச்சது எங்கம்மா சார். எட்டு மாசமா சோதன பண்ணுனது நான்" என்றேன்.

மறுநாளிலிருந்து எனக்குக் குடுவை கழுவும் வேலை. கவலைப்படாதீர்கள், கடினமான வேலையில்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் செய்யுங்கள். அன்று முழுவதும் என்னோடு பேச யாருமில்லை.

இன்னும் இலை வேண்டுமென்று சார் உங்களையே கூப்பிடுவார். தோட்டத்தில் இலையே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யை உங்களுக்குப் பதிலாக நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மகள்
ஜின்சி